வேலிக்கு வெளியே நின்ற ஜாயின்டர்

1. பதின்மூன்று பாஸ்

காலையில் எங்கள் ஆட்கள் பதினான்கு பேர் கேட்டில் வரிசையாக நின்றார்கள். கொடுக்கப்பட்ட பாஸ்கள் பதின்மூன்று. நான் இரண்டு முறை எண்ணினேன். வராத பாஸ் அந்தோணிசாமியுடையது. அவன்தான் எங்கள் ஜாயின்டர், கேபிள் முனைகளை இணைப்பவன்.

அது தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு ராணுவ வளாகம். உள்ளே புதிதாகக் கட்டிய கட்டடங்களுக்கு மின்வேலை எடுத்திருந்த கம்பெனியின் சைட் இன்சார்ஜ் நான். பாஸ்கள் இரவில் கேட்டிலேயே இருக்கும். காலையில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். போலீஸ் விசாரணை முடியும்வரை எல்லோருக்கும் தற்காலிகப் பாஸ்தான். விசாரணை அறிக்கை மாதக்கணக்கில் வராது. அதற்காக எந்தக் காண்ட்ராக்டரும் வேலையை நிறுத்தி வைப்பதில்லை.

பாதுகாப்புப் பிரிவின் சுபேதார் வேலூர்ப் பக்கத்துக்காரர். என்னைத் தனியாக அழைத்தார்.

"போலீஸ் ரிப்போர்ட் வந்துடுச்சு. இவரு மேல கேஸ் இருக்கு."

"என்ன கேஸ் சார்?"

"சாலை மறியல். பஸ்ஸ மறிச்சிருக்காரு."

அந்தோணி பின்னாலேயே வந்து நின்றிருந்தான். வலங்கைமானுக்கு அருகே ஒரு கிராமம். மூன்று மா நிலம், மனைவி, இரண்டு பெண்கள். "தண்ணி கேட்டு மறிச்சோம் சார். குறுவை கருகிப் போச்சு. ஊரே ரோட்டுல உக்காந்துச்சு. எங்க ஃபாதர்கூட உக்காந்தாரு."

"ஃபாதர் இங்க வேலைக்கு வரலியே" என்றார் சுபேதார். பிறகு குரலைத் தணித்து, "நானும் விவசாயி வீட்டுப் புள்ளதான்யா. பேப்பர்ல கேஸ்னு இருந்தா கேஸ்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

2. மூடாத ஜாயின்ட்

ஆள் குறைந்தால் வேறு ஆளைப் போடலாம். ஆனால் முந்தின நாள் அந்தோணி ஒரு பதினோராயிரம் வோல்ட் கேபிளில் ஜாயின்ட் போட ஆரம்பித்திருந்தான். வெளியே என்றால் அதை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். உள்ளே அது நடக்காது. சூடு காட்டும் டார்ச்சுக்கான கேஸ் சிலிண்டருக்குத் தனி அனுமதி. அது கைக்கு வர மதியம் ஆகிவிடும். மாலையில் சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதனால் மூன்று கம்பிகளையும் ஃபெர்ரூல் என்ற உலோகக் குழாய் வைத்து அழுத்தி இணைத்ததோடு நிறுத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிவிட்டு வந்திருந்தோம். முன்பே கேபிளில் கோத்து ஒதுக்கி வைத்திருந்த, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் காப்பு உறைகள் ஒன்றுகூட அவற்றின்மேல் ஏறவில்லை. ஈரம் பட்டால் அந்த ஜாயின்ட் செத்தது. மாற்றிப் போட உபரிக் கேபிளும் கிடையாது.

குழிக்குப் போய்ப் பார்த்தேன். அடியில் தண்ணீர்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் முந்தின இரவுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. வளாகத்தின் முள்கம்பி வேலியை ஒட்டி வெளியே ஒரு வண்டிப்பாதை, பாதையை ஒட்டி வாய்க்கால். வாய்க்கால் நிரம்பியதும் களிமண் வழியே குழிக்குள் ஊற்றெடுத்துவிட்டது. எந்தத் தண்ணீருக்காக அந்தோணி ரோட்டில் உட்கார்ந்தானோ அதே தண்ணீர். டீசல் பம்புக்கும் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். ஐந்து வாளிகளை வைத்து இறைத்தோம். கேபிளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அரை அடிதான் இருந்தது. எவ்வளவு இறைத்தாலும் அந்த அரை அடி கூடவில்லை.

சுபேதாரிடம் திரும்ப ஓடினேன். "சார், துப்பாக்கியோட ரெண்டு ஜவான் பக்கத்துல நிக்கட்டும். நாலு மணி நேரம் அவன உள்ள விடுங்க." அவர் மேலதிகாரியிடம் போய்க் கேட்டு வந்தார். முடியாது. திருச்சியிலிருந்து வேறு ஜாயின்டர் வரவழைக்கலாம், அவனுக்குப் பாஸ் வர நாளாகும். அந்தக் காலத்தில் ஜாயின்டர் கிடைப்பதே அரிது. தாராளமயம் வந்த பிறகு ஊரெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கை நன்றாக ஓடுகிறவர்களெல்லாம் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்.

அந்தோணியும் போகவிருந்தான். மச்சான் மஸ்கட்டில் வேலை சொல்லி வைத்திருந்தான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, அதன் போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தான். அதனால் கேட்டில் அவனிடம், "மறியல் கேஸ் ஊரு மொத்தத்துக்கும் இருக்கு, அது போயிடும். நீ வேற எதுலயும் மாட்டிக்காத. பேசாம வீட்டுக்குப் போ" என்றேன்.

"ஜாயின்ட்ட யாரு சார் முடிக்கிறது?"

"ராஜேந்திரன்."

ராஜேந்திரன் அவனுடைய ஹெல்பர். முப்பது வயதிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஜாயின்டுகளுக்குக் கூட இருந்திருக்கிறான். சொந்தமாக ஒன்று போட்டதில்லை. அந்தோணி என்னைப் பார்த்தான். "சரி சார்" என்று போய்விட்டான்.

3. வண்டிப்பாதை

சிலிண்டர் வந்ததும் ராஜேந்திரன் குழியில் இறங்கினான். நான் மேலே நின்று ஜாயின்ட் கிட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவன் முதல் உறையை ஜாயின்ட்மேல் இழுத்து வைத்தான். டார்ச்சைப் பற்றவைத்து உறையின் ஓரத்தில் காட்டினான்.

"டேய்! ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்காதடா!"

வேலிக்கு வெளியே வண்டிப்பாதையில் அந்தோணி நின்றுகொண்டிருந்தான். குழிக்கும் வேலிக்கும் இருபது அடிதான்.

"நடுவுலேர்ந்து ஓட்டு. ஓரத்த மொதல்ல புடிச்சா காத்து உள்ள மாட்டிக்கும். நெருப்ப மஞ்சளாக்கு, நீலம் வேணாம். பந்தல்ல சீரியல் செட்டு மாட்டுறன்னு நெனச்சியா?"

"அண்ணே, நீ ஏண்ணே இங்க நிக்கிற?" என்றான் ராஜேந்திரன். ஆனால் அவன் முகம் தெளிந்துவிட்டது.

"அந்தோணி, போயிடு!" என்று நான் கத்தினேன். "இந்த ஒரு உறை சார், இத ஓட்டிட்டான்னா போயிடுறேன்" என்றான். ஒன்று முடிந்ததும் அடுத்தது. கண்காணிப்புக் கோபுரம் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்தால் அவனை விரட்டத் தோன்றியது. குழியைப் பார்த்தால் தண்ணீர். அவன் வேலிக்கம்பிக்குப் பக்கத்தில் வந்து இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை அகட்டி அளவு காட்டினான். "இம்புட்டு உள்ள ஏறணும். இம்புட்டு. பாத்துக்க." ராஜேந்திரன் நிமிர்ந்து பார்த்து, குனிந்து அதைப்போலவே செய்தான். மூன்றாவது உறையும் ஏறி, வெளி உறையும் சுருங்கிப் பிடித்தபோது அந்தோணி அங்கிருந்தே சிரித்தான். "பரவால்லடா. பாஸாயிடுவ."

வண்டிப்பாதையில் ராணுவ ஜீப் வந்தது அப்போதுதான்.

அவன் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

4. உண்மையான பதில்கள்

சாயங்காலம் என்னை ஓர் அறையில் உட்கார வைத்துக் கேட்டார்கள். மேலதிகாரி கேட்டதைச் சுபேதார் தமிழில் சொன்னார்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"இல்ல. போகச் சொன்னேன்."

"போகச் சொல்லியும் போகல. சரி, குழி அங்கதான் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவன் வெட்டுன குழி சார் அது."

"அப்ப கேபிள் எங்க எப்படிப் போகுதுன்னு அவருக்கு முழுசாத் தெரியும்."

கேபிள் போகும் பாதை அங்கே ரகசியம்; எனக்கே வரைபடத்தில் என் வேலைக்கான துண்டை மட்டும்தான் காட்டுவார்கள்.

"கையால சைகை காட்டுனதாக் கோபுரத்துலேர்ந்து எழுதியிருக்காங்க."

"அது அளவு சார். உறை எவ்வளவு ஏறணும்னு…"

சுபேதார் மொழிபெயர்த்தார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. எழுதிப் படித்துக் காட்டியபோது அதில் வேறொருவன் இருந்தான்: போலீஸ் வழக்கு உள்ளவன், அனுமதி மறுக்கப்பட்டவன், கேபிள் பாதை தெரிந்தவன், போகச் சொல்லியும் வேலியோரம் நின்று உள்ளே சைகை காட்டியவன்.

வெளியே வரும்போது சுபேதார் என் முகத்தைப் பார்க்காமல், "அவரு எதுக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியுது சார். அத ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்றார்.

அந்தோணியைப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் நோக்கத்தோடு நடமாடியதாக வழக்கு. ஜாமீனில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மஸ்கட் வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. ஜாயின்டுக்குக் காப்பை அளக்கும் மெகர் கருவி வைத்துப் பார்த்தார்கள், உயர் அழுத்தச் சோதனையும் செய்தார்கள். எல்லாவற்றிலும் தேறியது. கம்பெனிக்குப் பாராட்டு வந்தது.

5. மிஞ்சியது

சில ஆண்டுகள் கழித்து, தண்ணீருக்காக மறியல் செய்தவர்கள் மீதிருந்த வழக்குகளை அரசாங்கம் மொத்தமாக வாபஸ் வாங்கியது. அந்தோணியின் ஊரில் எல்லோருடைய பெயரும் நீங்கியது. அவன் பெயரும்தான். ஆனால் வேலி வழக்கு தண்ணீருக்காக நடந்தது இல்லையே. அது நின்றது. ராஜேந்திரன் மஸ்கட் போய் ஜாயின்டராகவே ஓய்வு பெற்றான்.

அந்த வழக்கில் நான் சாட்சி சொன்னேன். "பாஸ் ரத்தான பிறகு இவருக்கு அங்கே என்ன வேலை இருந்தது?" என்று கேட்டார்கள். "ஜாயின்ட் பாதியில் இருந்தது" என்றேன். "அது அவருடைய பொறுப்பா?" என்றார்கள். சட்டப்படி இல்லை. இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. கூண்டில் நின்ற அந்தோணி அப்போது தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. வழக்கு விடுதலையில் முடிந்தபோது அவனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வலங்கைமானில் எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. பாஸ் உறுதியாகாத ஆளின் கையில் கத்தியைக் கொடுத்துக் கேபிளை வெட்டச் சொல்லாதீர்கள். அப்படியும் ஒருவனைக் கேட்டில் நிறுத்திவிட்டால், 'வீட்டுக்குப் போ' என்று வாயால் சொல்வது போதாது. நல்ல ஜாயின்டருக்கு வேலையைப் பாதியில் விட்டுப் போக வராது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள், பஸ்ஸில் ஏற்றுங்கள், பஸ் கிளம்பி மறையும்வரை அங்கேயே நில்லுங்கள். உள்ளே குழியில் தண்ணீர் ஏறினால் ஏறட்டும். கேபிள் போனால் போகட்டும்.