சட்டைப் பாடு

ஏரி கடலில் சேரும் வாயில் மணல் அடைத்துக்கொண்டு, மஞ்சள் மிஷின் வந்து வாரிப் போட்டதே, அதற்குப் பிறகு வந்த ஐப்பசியில்தான் என் பேத்திக்கு நிச்சயம் நடந்தது. இல்லை, மிஷின் வருவதற்கு முன்போ என்னவோ. வாரிய மணலைக் கடல் திரும்பவும் கொண்டுவந்து அங்கேயே போட்டுவிட்டதால் எது முந்தி, எது பிந்தி என்று எனக்குக் குழம்பிப்போகிறது. வருகிற தையில் கல்யாணம். அதுமட்டும் நிச்சயம்.

ஏரியில் எங்களுக்குப் பாடு உண்டு. மீன் கிடைக்கும் நல்ல இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. இன்றைக்கு இவனுக்கு, அடுத்து அவனுக்கு என்று முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். காற்று அடித்து வெறும் வலையோடு திரும்பினாலும் அன்றைய பாடு போனது போனதுதான். மறுநாள் வந்து கேட்க முடியாது.

எனக்கும் என் தம்பிக்கும் சட்டையிலும் அப்படி ஒரு பாடு இருக்கிறது. நல்ல சட்டை எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அரைக்கை, வெள்ளை. பழவேற்காட்டுத் தையல்காரர் எங்கள் இருவருக்கும் பொதுவாக அளவெடுத்துத் தைத்தது. அவனுக்குத் தோள் கொஞ்சம் அகலம், எனக்கு வயிறு. இரண்டையும் சமாளித்துத் தைத்தார், கெட்டிக்காரர். காலர் நைந்தபோது பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தோம். உள்பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. சொட்டு நீலம் போட்டு, நிழலில் காயவைத்து, பித்தளைச் சொம்பில் நெருப்பள்ளிப் போட்டுத் தேய்ப்போம். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "அண்ணன் தம்பி சோக்குக்குக் கொறச்சலே இல்ல" என்பார்கள். வீட்டில் இரண்டு மட்டமான சட்டை வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று நாங்கள் இருவரும் அப்போதே பேசி முடித்துவிட்டோம். ஏரிக்குப் போட்டுப்போகும் சட்டையைச் சபைக்குப் போட்டுப்போவதில்லை. ஆகையால் ஒரு விசேஷத்துக்கு நான் போனால் அவன் வீட்டில் இருப்பான். அடுத்ததற்கு அவன் போவான், நான் இருப்பேன். எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

இதில் ஒரு தப்பு இருந்தது. அது எங்களுக்குத் தெரியவே இல்லை.

மாப்பிள்ளை காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பத்துப் பையன், லாரி ஓட்டுகிறான். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் மகள் புருஷனை இழந்தவள், என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊரில் பிறந்து அந்தக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு வந்தபோது விஷயத்தை உடைத்தாள்.

"இன்னா பெரீப்பா, நீயும் சித்தப்பாவும் பேசிக்கிறதே இல்லியாமே? எந்தக் கல்யாணத்துலயும் உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாத்தவங்களே இல்லியாம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வந்து நிப்பாங்கன்னு அந்த வூட்ல ரோசன பண்றாங்க."

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். தினமும் அவன் வீட்டுக் குழம்பு என் தட்டில், என் வீட்டுக் கருவாடு அவன் தட்டில். தப்பு எங்கள் பேரிலா, ஊர் பேரிலா, சட்டை பேரிலா?

கடைசியில் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள். தகப்பன் இல்லாத பெண், ஆகவே தட்டு மாற்றும்போது தாத்தாக்கள் இருவரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம். நிச்சயமும் அவர்கள் வீட்டிலேயே.

சரி, இருவரும் போகிறோம். சட்டை யாருக்கு? அதற்கு முன் வந்தது பழவேற்காட்டில் ஒரு காதுகுத்து. அது என் பாடு. சட்டை போட்டுக்கொண்டு பாதி வழி போனேன். மழை கொட்டி, காதுகுத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னான். நனைந்துகொண்டு திரும்பினேன். ஏரிக் கணக்குப்படி என் பாடு போய்விட்டது, நிச்சயம் தம்பி பாடு. இதில் கேட்க ஒன்றும் இல்லை என்று நான் கேட்கவில்லை. அன்று விடியுமுன்பே சட்டையைத் தேய்த்துப் பையில் போட்டு அவன் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். துண்டையும் நீலம் போட்டுத் தேய்த்து, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெற்றுடம்பாக மகளோடும் பேத்தியோடும் ஆட்டோவில் போனேன். தம்பி பூவும் பழமும் வாங்க விடியலிலேயே கிளம்பிப்போய், கடையிலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு.

வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். வெற்றுடம்பு, தோளில் தேய்த்து மடித்த துண்டு.

"இன்னாடா, சட்ட எங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கதவுலயே வுட்டுட்டு வந்துட்டேன். உன் பாடு தானேண்ணே."

"என் பாடு மழையில போயிடுச்சுடா. இது உன்னுது."

"காதுகுத்தே நடக்கல, பாடு எப்டிப் போவும்? எனுக்கு வோணாம், உன்னுதுதான்."

"வலயப் போட்டாச்சுன்னா பாடு போச்சுதான்."

குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போலிருக்கிறது. உள்ளே இருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்துவிட்டார். அவரும் வலைக்காரர். அவர் காதில் விழுந்தது பாடு என்ற ஒரு வார்த்தைதான்.

"ஓ, பாடு தகராறா? அதான் பேச்சுவார்த்த இல்லியா? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துலயும் ஏரி பாடு விடலியே உங்கள" என்றார்.

என் மகளின் முகம் செத்துப்போயிற்று. "நைனா, சொல்லிடு" என்று காதோடு சொன்னாள். சொல்லலாம்தான். ஆனால் அத்தனை சம்பந்திக்காரர் நடுவில், எங்களுக்குச் சட்டை ஒன்றுதான் என்று எந்த வாயால் சொல்வது? இல்லாதவர்கள் என்று நினைப்பார்களா, கஞ்சர்கள் என்று நினைப்பார்களா? நாங்கள் இரண்டும் இல்லையே. பிறகு என்னவென்று கேட்டால் அதற்கும் எனக்குப் பேர் தெரியவில்லை.

தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்காரவைத்து, ஒட்டி உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்:

"ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரி துண்டு, சொல்லி வச்சாப்ல வந்துகீறாங்க. இவங்களா பேசாதவங்க? தட்ட எடுய்யா."

தட்டு மாற்றியாயிற்று. பேத்தி சிரித்தாள். என் மகள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் மாப்பிள்ளையின் அப்பா விடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி ஏரி வழக்கைத் தீர்த்துவிடுகிறேன் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். பெரியவர்கள் வந்து எந்த வழக்கு, எந்த இடத்துப் பாடு என்று என்னையே கேட்கிறார்கள். இதற்கு நடுவில் அந்தக் காதுகுத்துப் பாடு போனதா, இருக்கிறதா என்பதும் இன்னும் தீரவில்லை. தையில் யார் சட்டை போடுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இன்னொரு சட்டை தைத்துவிடு என்கிறாள் மகள். மழை விட்டதும் தையல்காரரிடம் போகலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் எதற்கு என்று தோன்றுகிறது.

நீங்கள் காட்டுப்பள்ளிப் பக்கம் போவீர்கள் அல்லவா? அந்தச் சம்பந்தியைப் பார்த்தால் நான் சொன்னதாக வேண்டாம், நீங்களாகவே ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை, சட்டைதான் ஒன்று. கல்யாணப் பந்தலில் ஒருவன் சட்டையோடும் ஒருவன் துண்டோடும் நின்றால் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.