தம்பிக்குள் இருக்கும் என் சிறுநீரகம்

போன செவ்வாய் காலை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. தம்பி நவாஸின் மனைவி நஸீரா.

"மதினி, இவருக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நேத்துலருந்து ஒண்டுக்கும் சரியாப் போகல்ல. கேட்டா ஒண்டுமில்ல எண்டுறார்..."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? நவாஸின் வயிற்றுக்குள் வேலை செய்கிற சிறுநீரகம் என்னுடையது. அவனுடைய இரண்டும் பழுதானபோது நான் ஒன்றைக் கொடுத்தேன். அன்றிலிருந்து, தம்பி மூத்திரம் போனானா என்று வெட்கமில்லாமல் தினமும் விசாரிக்கிற ராத்தா கல்முனையில் நான் ஒருத்திதான்.

கொரோனா வந்த நாளிலிருந்து அவன் வீட்டை விட்டு இறங்கவில்லை. ஹார்ட்வெயார் கடையை மச்சானிடம் விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் போவதில்லை. கொரோனாவில் இறந்த நம்மாட்களின் ஜனாஸாக்களையும் அடக்க விடாமல் அரசாங்கம் எரித்த அந்த மாதங்களில் ஒருநாள் என்னிடம் சொன்னான்: "மௌத்துக்குப் பயமில்ல ராத்தா. எரிச்சிருவாங்களே எண்டுதான்..."

தடுப்பூசி வந்ததும் முதல் ஆளாய்ப் போய் இரண்டையும் போட்டான். பிறகு ஒரு லேப்பில் இரத்தம் கொடுத்து, அன்டிபொடி எவ்வளவு என்று பார்த்தான். இல்லையென்றே சொல்லலாம், அவ்வளவு குறைவு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவனைத் தேற்றத்தான், வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில், இரத்தத்திலுள்ள டி செல்களைப் பற்றி எழுதினேன். வாசித்திருப்பீர்கள். அன்டிபொடி, வைரஸை வெளியிலேயே மறிப்பது. சில மாதங்களில் குறைந்துவிடும். டி செல் அப்படியில்லை. வைரஸ் புகுந்துவிட்ட செல்லைத் தேடிப்பிடித்து அழிக்கும். நெடுநாள் ஞாபகம் வைத்திருக்கும். வைரஸ் மேல்தோற்றத்தை மாற்றிக்கொண்டு வந்தாலும், அதன் பல துண்டுகளைத் தெரிந்து வைத்திருப்பதால் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடும். அதனால்தான் ஊசி தயாரிக்கிறவர்கள் அன்டிபொடியை மட்டும் பார்ப்பதில்லை, டி செல் விழிக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்... இப்படியெல்லாம் எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

இத்தனை வருஷத்தில் என் தம்பி வாசித்த முதல் பத்தி அதுதான். வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டியும் வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்கு ஓடியபோதுதான் கண்டேன்.

"குளிசை ஒழுங்காக் குடிக்கிறியா?" என்று, சிறுநீரகம் மாற்றியதிலிருந்து அவன் விழுங்கும் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டேன். அவன் அலுமாரிப் பக்கம் பார்த்தான்.

"டேய், ஒன்னத்தான் கேக்கிறன்!"

"பத்து நாளா நிப்பாட்டியிரிக்கன் ராத்தா. பூஸ்டர் ஊசி ஒடம்புல புடிக்கணுமே... டி செல்தான் ஞாபகம் வச்சிருக்கும் எண்டு நீங்க எழுதியிருந்தீங்க. இந்தக் குளிசை டி செல்லை அமத்தி வைக்கிற எண்டு கிளினிக்கில சொன்னாங்க. அப்ப ஊசி போடுற நேரம் அமத்தாம உட்டா நல்லமெண்டு நெனச்சன். நோன்புக்கு நேரம் மாத்திக் குடிக்கிறதானே, அது மாதிரி..."

யா அல்லாஹ்!

நம்மூரில் யார்தான் செய்யவில்லை? காலைக் குளிசை விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு, பகல் குளிசை நோன்பு திறந்த பிறகு. நடுவில் ஒன்று விடுபடும். டொக்டரிடம் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. பிறஷர்காரரும் சீனி வருத்தக்காரரும் அப்படியே ஒரு மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள். அந்தத் துணிச்சலில்தான் இவனும் கைவைத்தான்.

வாயில் வந்தபடி ஏசினேன். ஏசிக்கொண்டே வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் ஒரு இளம் பெண், காரைதீவுப் பிள்ளை. என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள்:

"அன்டி, டி செல்லுக்கு அக்கா தம்பி எல்லாம் தெரியாது. கொரோனாவும் அதுக்கு அந்நியம், உங்கட கிட்னியும் அந்நியம். குளிசை நிண்டதும் உங்கட கிட்னியத்தான் புடிச்சிருக்கு."

"அப்ப இவன் நெனச்சது முழுக்கப் பிழையா மகள்?"

"இவங்களுக்கு ஊசி குறைவாத்தான் வேலை செய்யும், அது உண்மைதான். அதுக்குத்தானே மேலதிக ஊசி போடுறம். இப்படியான ஆக்களுக்கெண்டே டி செல்லை நல்லா எழுப்புற ஊசியும் தேடிக்கொண்டிருக்கிறாங்க. ஆனா குளிசைய இவரா நிப்பாட்டேலாது."

ஒரே வயிற்றில் பிறந்தோம். ஒரே பாயில் படுத்தோம். ஆனாலும் அவன் உடம்புக்கு நான் அந்நியம். அந்தக் குளிசைகள்தான் இத்தனை காலமும் என்னை அவனுக்குள் வாழ வைத்திருக்கின்றன.

மூன்று நாள் கடும் மருந்து ஏற்றினார்கள். நேற்று அந்தப் பிள்ளை சொன்னாள்: "தப்பியிட்டுது அன்டி. ஆனா பழையபடி முழுசா வராது. இருக்கிறதக் காப்பாத்துவம்."

உள்ளே போனேன். நவாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒங்கட சாமானப் பழுதாக்கிப் போட்டன் ராத்தா. மன்னிச்சிருங்க."

வார்டென்றும் பாராமல் அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நானல்லவா?

உங்களிடம் மறைப்பானேன்? அந்தப் பத்தியின் முடிவில் இன்னொரு வரி எழுதியிருந்தேன் — உறுப்பு மாற்றியவர்கள் மருந்தில் கைவைக்காதீர்கள் என்று. திரும்ப வாசித்தபோது முடிவு சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. பத்திரிகைக்காரர் வெட்டவில்லை, நானேதான் வெட்டினேன்.

இந்த வாரம் முடிவு சப்பென்றே இருக்கட்டும்: டொக்டர் சொல்லாமல் ஒரு குளிசையையும் நிறுத்தாதீர்கள்.