பிரியமானவர்களே

போதகர் "பிரியமானவர்களே" என்றதும் ஒரு சின்னக் கை என் விரலை அழுத்தியது. திடுக்கிட்டுக் கண் விழித்தேன். பிரசங்க நேரத்தில் மகள் ஓடாமல் இருக்க, என் அம்மாவின் வித்தையை இன்று காலைதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அம்மா தம்பானூரில் ஒரு ஓட்டல் அடுக்களையில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்கு இதே ஆலயத்தில் சுவரோரம் பாயில் உட்காருவோம். அவள் கையில் வெங்காயமும் பவுடரும் கலந்து மணக்கும்.

"போதகர் 'பிரியமானவர்களே'ன்னு சொல்லும்போ என் விரல அமுக்கணும். கடைசில எத்தனன்னு சொல்லணும். இடையில பேசினா எண்ணம் தெற்றிப்போவும், கேட்டியா?" என்பாள்.

மூச்சுவிடாமல் எண்ணுவேன். வெளியே வந்து எண்ணிக்கையைச் சொன்னதும், "சரிதான் மக்களே" என்று என்னைச் செல்லமாய்த் தட்டிக்கொடுப்பாள்.

ஒரு ஞாயிறு அன்று பதினொன்றுதான் வந்தது. வேண்டுமென்றே "ஐம்பது" என்றேன்.

"சரிதான் மக்களே."

அவள் எண்ணவே இல்லை. சுவரில் சாய்ந்து உறங்கியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு பேசாமல் நடந்தேன். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

இப்போது மகள் என் காதருகே வந்து, "அம்மா, நூறு ஆயிட்டு" என்றாள்.

பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு நாளும் விழிஞ்ஞம் வரை வேலைக்குப் போய்வந்த உடம்பு எனக்கு.

"சரிதான் மக்களே" என்றேன். விரலை அவளிடமே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.