கழலாத ரோட்டர்

அப்பாவின் பழைய அம்பாசிடரிலிருந்து ரோட்டரைக் கழற்றி ஒளித்துவிடு என்று அண்ணன் பிரான்ஸிலிருந்து போனில் சொன்னபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினுக்குள் இருக்கும் கட்டைவிரல் அளவுத் துண்டு அது. அது இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. அப்பா இந்த வயதில் ஓட்டக் கூடாது, சாவியைப் பிடுங்கினால் சண்டை வரும், இதை எடுத்தால் வண்டி பழுது என்று நம்பிவிடுவார் என்பது துரை அண்ணனின் திட்டம். போன தடவை லீவில் வந்தபோது அவனே எடுத்தான். அப்பா புதிது வாங்கி மாட்டிக்கொண்டார். இப்போது என் தலையில் கட்டுகிறான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார்கோயில் ஆண்டி.

அண்ணனைவிட அப்பாமேல்தான் எனக்குக் கோபம் அதிகம். போன மாதம் முத்தியால்பேட்டையில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் வந்துவிட்டார். வண்டியை அடையாளம் கண்ட கடைக்காரர்தான் என்னிடம் சொன்னார். அவளுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அவள் வீட்டு வாசலில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நின்றவள் நான். அப்பாவோ அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைத் துடைத்து சர்ச் பூசைக்குக் கிளம்பினார்.

சனிக்கிழமை மத்தியானம், அவர் தூங்குகிறார் என்ற தைரியத்தில் பானெட்டைத் திறந்தேன். ரோட்டரை மூடியிருந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி சுலபமாக வந்தது. ரோட்டர் அசையவில்லை. மேலே இழுத்தால் கையோடு வரும் என்றிருந்தான் அண்ணன். வந்தது என் நகம்தான். ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பும்போதுதான், தண்டைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்திருந்த பசை கண்ணில் பட்டது. மனுஷன் ஒட்டியே வைத்திருக்கிறார்!

"எவனோ திருடுறான்னு ஒட்டி வச்சேன்." அப்பா பின்னால் நின்றிருந்தார். "திருடன் வீட்லயே இருக்கான்னு தெரியாமப் போச்சு."

அதற்குமேல் என் வாய் அடங்கவில்லை.

"ஆமாம்பா, நான் திருடிதான். சைக்கிள்ல வந்த பொண்ணு கைய ஒடச்சிட்டு வந்து நிம்மதியாத் தூங்குறீங்களே, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

சொல்லிக்கொண்டே, இருந்த பலத்தையெல்லாம் போட்டு நெம்பினேன். ரோட்டர் இரண்டாக உடைந்து என் காலடியில் விழுந்தது. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. தடுமாறி வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பொண்ணும்மா?" என்றார்.