மழைக்காட்டுக்கு ஆறு சாக்கு

போன வியாழக்கிழமை காலை, லிங்கநகரில் என் வாடகை அறை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கரியரில் மடித்துக் கட்டிய ஆறு வெறும் சாக்கு. ஹாண்டிலில் ஒரு பை உப்பு – நிலாவெளி உப்பு, பருமனான கல். ஓட்டி வந்தவர் காசிம் நானா.

"தம்பி, ஆறு போதுமா? இல்லாட்டி இன்னும் ரெண்டு எடுக்கவா?"

நாங்கள் இரண்டு பேரும் போக இருந்தது மழைக்காடு பார்க்க. மரம் பார்க்க, பறவை பார்க்க, ஓடையில் காலை விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க. சும்மா உட்காரப் போகிற மனிதனுக்கு எதற்கு ஆறு சாக்கு?

குற்றம் என்னுடையதுதான். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

காசிம் நானா – நானா என்றால் அண்ணன் – கிண்ணியாக்காரர். அட்டை குளிப்பவர். கடலடியில் முற்றின வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்குமே, கடலட்டை… அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி எடுப்பதற்கு எங்கள் கரையில் 'அட்டை குளிக்கிறது' என்று பெயர். அவித்து, உப்பிட்டு, காயவைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். எங்கோ யாரோ விரும்பிச் சாப்பிடுகிறார்களாம். எடுக்கிறவர்கள் யாரும் வாயில் வைத்ததாக நான் அறியேன்.

ஒரு சீசன் அவருடைய வள்ளத்தில் கயிறு பிடிக்கிற வேலை பார்த்தேன். பாதி நாள் கயிறு பிடித்தேன், பாதி நாள் வாந்தி எடுத்தேன். வேலை அந்தச் சீசனோடு போயிற்று. சாப்பாடு போகவில்லை. கையில் ஒன்றும் இல்லாத நாட்களில் 'பாதை' ஏறிவிடுவேன் – கிண்ணியாத் துறையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. அக்கரையில் நானா வீட்டில் எனக்கு ஒரு சோற்றுக் கோப்பை எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும்.

போன மாதம் அப்படிப் போனபோது நானாவின் மனைவி – நான் மதினி என்பேன் – குசினி வாசலில் என்னை மறித்தார்.

"தம்பி, இவர எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்க."

"எங்க மதினி?"

"கடல் மணக்காத இடத்துக்கு."

விஷயம் இதுதான். நானாவின் இடது காது. ஆழத்தில் மூழ்கி மூழ்கிச் செவிப்பறை கிழிந்திருக்கிறது. ஒரு மாதம் தண்ணீர் படாமல் இருந்தால் மூடும், இல்லாவிட்டால் இந்தக் காது போய்விடும், அதே கதியில் மற்றதும் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குளிக்கவே கூடாதாம். நானா என்ன செய்தார்? கிணற்றில் குளிப்பதை நிறுத்தினார். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"டொக்டர் சொன்னது கிணத்துக் குளிப்பத்தான்" என்று என்னிடமும் வாதாடினார். "கடலெண்டா அவர் கடலெண்டு சொல்லியிருப்பாரே?"

இந்த மனிதரை வீட்டில் வைத்து வெல்ல ஏலாது. சீசன் தொடங்கிவிட்டது. விடிந்தால் வள்ளங்கள் இறங்குகிற சத்தம் கேட்கும். கேட்கிற காதால் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

கடல் மணக்காத இடம்… எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஒரு லொறியில் கிளீனராகச் சுற்றினேன். இரத்தினபுரிக்கு அப்பால் மழைக்காட்டு ஓரமாக லொறி உடைந்து நின்றது. முதலாளி லொறியை இழுத்துக்கொண்டு போனார், காய்ச்சலில் கிடந்த என்னை விட்டுவிட்டுப் போனார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த செல்லத்துரை கஞ்சி காய்ச்சித் தந்தான். பதினொரு நாள் கிடந்தேன். எழும்பி நடக்கத் தொடங்கியதும் அந்தக் காட்டுக்குள்தான் நடந்தேன்.

எங்கள் பக்கத்துக் காடு உங்களுக்குத் தெரியும். பாலை மரம், வீரை மரம், முள்ளு. வெயிலில் நிற்கிற காடு. அந்த மழைக்காடு அப்படியில்லை. உள்ளே நுழைந்தால் பகலே பச்சையாக இருக்கும். மழை நின்ற பிறகும் அங்கே மழை நிற்காது. மேல் இலை கீழ் இலைக்குக் கொடுத்து, அது அடுத்த இலைக்குக் கொடுத்து, நிலத்துக்கு வர ஒரு மணித்தியாலம் எடுக்கும். எத்தனையோ ஊரில் படுத்திருக்கிறேன், அந்தச் சத்தத்தில் தூங்கின மாதிரி எங்கும் தூங்கினதில்லை.

செல்லத்துரைக்குக் கடிதம் போட்டேன். திட்டத்தையும் எழுதி வைத்தேன். காலையில் ஒன்றும் செய்வதில்லை. மத்தியானம் ஓடைக்கரை. பின்னேரம் விறாந்தையில் இருந்து மழை பார்த்தல். நானாவின் காதுக்கு எண்ணெய் தோய்த்த பஞ்சும், பெரிய குடை ஒன்றும்.

நானாவிடம் போய்ச் சொன்னால்…

"அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்டுமில்ல நானா. சும்மா இருக்கிறது."

"சும்மா இருக்கிறதுக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில போகணுமா? இங்கயே சும்மா இருக்கலாமே!"

"இருக்கிறீங்களா?"

நானா வலையைத் திருத்தப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துச் செல்லத்துரையின் பதில் வந்தது. கிண்ணியாவுக்குக் கொண்டுபோய், மதினிக்கும் கேட்கட்டும் என்று உரத்து வாசித்தேன். 'தாராளமாக வரவும். இப்போது நல்ல மழை. கால் வைக்க இடமில்லாமல் அட்டை. மறக்காமல் உப்புக் கொண்டு வரவும்.'

வலை திருத்திக்கொண்டிருந்த கை நின்றது.

"அட்டையா? காட்டுக்குள்ளயா?"

மலைநாட்டில் அட்டை என்றால் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டை. அதற்குத்தான் உப்பு. வயல்காரருக்கும் அந்த அட்டை தெரியும், நானாவுக்கும் தெரியும். ஆனால் இருபத்தைந்து வருடம் அட்டை குளித்த மனிதருடைய மனம் முதலில் எங்கே போகும்? போதாததற்கு அவர் கண்ட ஈரக் காடு கண்டல் காடு ஒன்றுதான், தண்ணீருக்குள் வேரை ஊன்றி நிற்பது. மழைக்காடு என்றால் மழைத் தண்ணீர் களப்பாகத் தேங்கி நிற்கும் காடு என்று நினைத்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்… ஆனால் வந்தது வேறு.

"ஓம் நானா. கனக்க இருக்கு."

"என்ன நிறம்? கறுப்பா?"

"கறுப்புத்தான்."

"எவ்வளவு பெரிசு?"

"விரல் அளவு வரும்."

"சின்னன்தான்… பரவாயில்ல. ஆழத்தில இரிக்கா?"

"ஆழமே இல்ல. கரையிலயே."

"புடிக்கிறது கஷ்டமா?"

"நாங்க புடிக்கத் தேவையில்ல நானா. அதுவே வந்து புடிக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தார். அதுவரை 'ஏலா, ஏலா' என்றிருந்தவர் அன்றைக்கே வரச் சம்மதித்தார். மதினி என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டுக் களவாணிகள்!

அதனால்தான் ஆறு சாக்கு.

சாக்கைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றையும் ஊசி போட்டுத் தைத்து, ஓட்டை அடைத்து, கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். என்னை நம்பி.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, முழுவதையும் சொன்னேன். அது வேறு அட்டை, உப்பு காலுக்கு, தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் – ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சு இலேசாகிவிட்டது.

நானா தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஆறு சாக்குப் போதுமெண்டுறீங்களா?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம்.

வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நான் சொல்லிவிட்டேன்தானே? அவருக்குக் கேட்காதது என் பிழையா?

எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அது இரண்டு மடங்கு கஷ்டம்.

நானா கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"பொய் சொன்னீங்களா தம்பி?"

"பொய் சொல்லேல்ல நானா. உண்மையை முழுக்கச் சொல்லேல்ல."

"அதுக்குப் பேர் என்ன?"

பதிலுக்கு நிற்காமல் எழுந்தார். அவிழ்த்த சாக்கைத் திரும்பக் கரியரில் கட்டினார். "நாளைக்கு வள்ளம் போகுது. நான் போறன்" என்றார். சைக்கிளைத் திருப்பினார். வேலிப் படலையடியில் நின்றார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே…"

"முதல்ல சொன்னனான்."

"எப்ப?"

"இப்பத்தான். நீங்க தேத்தண்ணி குடிக்கேக்க. அந்தப் பக்கம் இருந்து."

"என்ன சொன்னீங்க?"

"இதே கதைதான். முழுக்க."

அவர் என்னை நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். வலது காதை விரலால் இறுக அடைத்தார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"ம்… சொல்லுங்க."

கொஞ்சம் உரத்துச் சொன்னேன். வேலியில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"சொல்லுங்க எண்டுறன், என்ன, பாத்துக்கொண்டு நிக்கிறீங்களா?"

நான் அவருடைய விரலை மெல்லக் காதிலிருந்து எடுத்தேன். கண்ணைத் திறந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"உங்கட பேரைச் சொன்னனான், நானா. ரெண்டு தரம்."

வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்குச் சொல்வது மாதிரி இல்லாமல் சொன்னார்: "கொஞ்ச நாளா வீட்டில அவ என்னோட பேசுறல்ல. கோவமாக்கும் எண்டுதான் நானும் பேசாம இருந்தன்…"

மதினி ஒரு நாளும் பேசாமல் இருக்கக்கூடிய ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எத்தின நாளைக்குப் போறம்?" என்றார்.

"பத்து நாள்."

"டொக்டர் ஒரு மாசமெண்டவர்."

"செல்லத்துரை ஒரு மாசம் எங்களுக்குச் சோறு போட மாட்டான் நானா."

"நாம சமைச்சு அவருக்குப் போடுவம். என்ன, ஏலாதா?"

ஏலும் என்றேன். ஓடைக்கரையும் விறாந்தையும் திட்டத்தில் அப்படியே இருக்கின்றன. சமையல் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மதினி மிளகாய்த்தூள் இடித்துத் தருகிறார். நானா வள்ளத்தை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பஸ். இடது பக்க ஜன்னலோரம் அவருக்கு, பக்கத்து இருக்கை எனக்கு. கிழிந்த காது மலை பார்க்கட்டும், நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் – இனி அவரிடம் எதையும் இரண்டு தரம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.