மூன்று நாள் கட்டில்

பழைய இரும்புக் கடைக்கு வெளியே, சாலையைப் பார்த்துக் கிடந்த ஓர் இரும்புக் கட்டிலை என்னால் மறக்க முடியவில்லை. ஏதோ ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டது. கால் ஒன்று குட்டை, அதற்குச் செங்கல் முட்டு. அதன்மேல் பித்தளைக் குடம், பம்பு, ஒயர்ச் சுருள் என்று தினமும் ஏதாவது கிடக்கும். கல்வராயன் மலைக்குப் போகிற பேருந்தில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

கடை நடத்தியவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் போன பிறகு ஒரு தராசும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான் அவருக்கு மிச்சம். யார் எதைக் கொண்டுவந்து விற்றாலும் மூன்று நாள் அந்தக் கட்டிலில் போட்டுவைத்துவிட்டுத்தான் உடைப்பார். பறிகொடுத்தவர் யாராவது அந்த வழியாகப் போனால் அடையாளம் கண்டு எடுத்துப் போகட்டும் என்று. திருட்டுப் பொருளோடு வருபவன் கட்டிலைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிவிடுவான். வடக்கனந்தல் விவசாயி ஒருவர் தன் பம்பை அங்கே கண்டு, கண்கலங்கித் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது உள்ளாட்சி அலுவலகத்தில் கடை உரிமங்களைப் பார்க்கும் எழுத்தர். பழைய பொருள்கள் எல்லாம் மறைப்புச் சுவருக்கு உள்ளேதான் இருக்க வேண்டும், வெளியே ஓர் ஆணிகூடக் கிடக்கக் கூடாது என்பது விதி. நோட்டீஸை எழுதியவன் நான். கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்.

"இன்னா சார் இது? உள்ள பூட்டி வெச்சிக்கினா பறிகொடுத்தவனுக்கு எப்பிடி சார் தெரியும்?" என்றார்.

"ரூல்ஸ் அப்படித்தாங்க்கா. கட்டில உள்ள போட்டுடுங்க, லைசன்ஸ் புதுப்பிச்சித் தந்துடறேன்" என்றேன். என்ன பெருந்தன்மை! விதியையே நான்தான் இயற்றியதுபோல நிமிர்ந்து வேறு நின்றேன்.

அக்கா தகரச் சுவர் அடித்தார். கட்டில் உள்ளே போனது. மூன்று நாள் வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. ஆனால் கட்டில் கண்ணில் படாததால் திருடனுக்குப் பயம் விட்டுப்போயிற்று. நைனார்பாளையத்துக் கிணற்று மோட்டாரிலிருந்து திருடன் அறுத்த ஒயரைத் தேடிப் போலீஸ் வந்தபோது, அது தகரத்துக்குப் பின்னால், கட்டிலின் மேல் முழுசாகக் கிடந்தது. வெளியே கிடந்திருந்தால் அக்காவின் நாணயத்தை ஊரே பேசியிருக்கும். உள்ளே கிடந்ததால் பதுக்கல் என்று எழுதினார்கள்.

விசாரணைக்காக எங்கள் அலுவலகத்துக்கே அவரை அழைத்து வந்தார்கள். "இந்த சாருதாங்க உள்ள வெக்கச் சொன்னாரு. அவரையே கேளுங்க" என்று என்னைக் கைகாட்டினார். நான் கோப்பைப் பார்த்துக்கொண்டே, "சுவர் வைக்கச் சொன்னேன். மத்தது எனக்குத் தெரியாது" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உரிமம் ரத்தானது. அந்த ஆணையையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அக்கா பிள்ளைகளோடு எங்கோ செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

இப்போது அதே இடத்தில் வேறொருவர் கடை. ஆளுயரச் சுவர், இரும்புக் கதவு, கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமம். போன வாரம் என் அம்மாவின் பெயர் வெட்டிய பித்தளை அண்டா வீட்டிலிருந்து காணாமல் போனது. தேடிக்கொண்டு அங்கே போனேன்.

"உள்ள யாரையும் வுடறதில்லீங்க. ரூல்ஸு" என்று கதவைச் சாத்தினார் காவலாளி.

உள்ளே சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. அடிபடுவது பித்தளையா இரும்பா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கட்டில் கிடந்த இடத்தில்தான் நின்றேன். அங்கே ஓர் ஆணிகூடக் கிடக்கவில்லை.