பிள்ளையாருக்கு முந்தைய படங்கள்

வரதன் இறந்த இருபத்து மூன்றாம் நாள். ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு அவர் மகள் மதிவதனி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பெண் ஒருத்தி குனிந்து உள்ளே வந்தாள். தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

மதிவதனி அவளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் முகம் நன்றாகத் தெரியும். கிருஷ்ணப்பிரியா, அப்பா கடைசியாகப் படமெடுத்த கல்யாணத்தின் பெண். ஆயிரத்து நானூறு படங்களில் அந்த முகத்தின் நிறத்தைத்தான் ஒரு வாரமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ஆல்பம் அடுத்த வாரம் பிரஸ்ஸுக்குப் போயிடும்.”

“ஆல்பத்துக்கு வரலக்கா. நானும் எங்கம்மாவும் நிக்கிற ஃபோட்டோ ஒண்ணு கீதுல்ல? அங்கிள் தனியா பிரிண்ட் போட்டுத் தர்றேன்னாரு.”

“உங்கம்மா எந்தப் படத்துலயும் இல்லியேம்மா. பெரியப்பா பெரியம்மாதான் தாரை வார்த்தாங்க.”

“அதான்க்கா சொல்றேன். எங்கப்பா போயி எட்டு மாசம். அம்மா வந்தா எனக்கு ஆகாதாம், சமையல் பக்கமே நின்னுகினு இருந்துச்சு. அங்கிள் நேரா அங்க போயி, ‘யம்மா, லைட் பாக்கணும், பொண்ணு பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், வா’ன்னாரு. ‘வேற ஆளே கெடைக்கலியா உனக்கு’ன்னுச்சு அம்மா. ‘இன்னும் பிள்ளையாரையே எடுக்கல. அதுக்கு முன்னால எடுக்கிறது கல்யாணத்துல சேராது. சும்மா வந்து நில்லு’ன்னாரு. கரண்டியோட வந்து நின்னுச்சுக்கா.”

மதிவதனி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“அது ஒண்ணுதான்க்கா எங்க ரெண்டு பேருக்கும்,” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

வரதன் பருத்திப்பட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருஷம் லேத் ஓட்டினார். கம்பெனி ஆயுத பூஜைக்கு யாரோ கொண்டுவந்த கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தவர், அடுத்த ஆயுத பூஜைக்குள் வேலையை விட்டிருந்தார். ஆவடியின் பெரிய மண்டபங்கள் அவருக்கு அமையவில்லை. திருநின்றவூர் தாண்டி, வெள்ளவேடு பக்கம், வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்கிற ஊர்கள்தான் அவரைக் கூப்பிட்டன. பைக்கின் பின்னால் லைட் ஸ்டாண்டும் குடையும் கட்டியிருக்கும். டேங்க் மேல் மடித்த நீலப் போர்வை. வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே அதைக் கட்டினால் ஸ்டுடியோ தயார். ரேஷன் கார்டுக்குத் தவிர வேறு எதற்கும் கேமரா முன் நிற்காதவர்களை அங்கே நிறுத்துவார். சிரிக்கச் சொல்ல மாட்டார். “உங்க ஊட்டு மாடு பேரு இன்னா?” என்று கேட்பார். அவர்கள் பெயர் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிடுவார்.

மதிவதனி ஒரு மென்பொருள் கம்பெனியில் பிழை தேடுபவள். ஐந்து வருஷமாக அப்பாவின் கேமரா கார்டுகளில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவள்தான்.

முகூர்த்த நாளில் எந்தப் படக்காரரும் முதலில் எடுப்பது பிள்ளையாரை. வெற்றிலைமேல் மஞ்சள் பிள்ளையார், பக்கத்தில் குத்துவிளக்கு. வரதன் அதை எடுத்ததும், தவறிக்கூட அழியாதபடி கேமராவிலேயே பூட்டிவிடுவார். அதற்கு முன்னால் உள்ளவை வெளிச்சம் பார்க்க எடுத்தவை. கார்டில் இடம் அடைக்கக் கூடாதென்று மிகச் சிறிய அளவில் எடுத்தவை. மதிவதனி ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். முகூர்த்த நாளன்று, பூட்டிய படம் வரும்வரை உள்ள எதையும் அது ஏற்றாது. நூற்றுப் பத்துக் கல்யாணங்கள். ஒருமுறைகூட அது பிசகியதில்லை.

இந்தக் கல்யாணத்துக்கும் பிசகவில்லை. ஏற்றிய படங்களில் கிருஷ்ணப்பிரியாவின் அம்மா குப்பம்மா இல்லை. கார்டில் இருந்திருப்பாள். ஆனால் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று சித்தப்பா மகன் கிரண் அதே கார்டைத்தான் கேமராவில் போட்டான். “அக்கா, இது காப்பி ஆயிட்ச்சா? அழிச்சிரட்டுமா?” என்று கேட்டான். மதிவதனி தலையாட்டினாள்.

“ரெண்டு நாள் டைம் குடும்மா,” என்றாள் கிருஷ்ணப்பிரியாவிடம்.

ஸ்டுடியோவுக்குப் பின்கட்டில்தான் வீடு. அம்மா ரேகா அடுப்படியில் இருந்தாள்.

“அம்மா, அப்பா டெஸ்ட்னு ஆளுங்கள நிக்க வெச்சு எடுப்பாரே, உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? மேடைக்கு வராம ஒதுங்கி நிக்கிறது யாருன்னு பாத்து இட்டாந்து நிறுத்துவாரு. கார்ட உங்கிட்ட குடுக்கிறதுக்கு முன்ன அவரே அதுல ஒண்ணு பிரிண்ட் போட்டு அவங்களுக்குன்னு எடுத்து வெப்பாரு. இந்தத் தபா பேப்பர் தீந்துபூட்ச்சு, அப்பால போட்டுக்கலாம்னாரு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீதான் எப்பப் பாரு காதுல மாட்டிக்கினு கீறியே. எங்க கேட்ட?”

“எப்பலேர்ந்து இப்படி எடுக்கிறாரு?”

“அது எங்க ஞாபகம் இருக்கு,” என்று ரேகா பால் பாத்திரத்தை இறக்கினாள். அவள் நெற்றியைப் பார்க்காமல் பேச மதிவதனி இந்த இருபது நாளில் பழகியிருந்தாள்.

கார்டில் அழிப்பது என்பது பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரிதான். அந்த இடத்தில் புதுப்படம் வந்து உட்காரும்போதுதான் பழைய வீடு இடிகிறது. கார்டின் முன்பகுதியில் முதல்நாள் மாலையின் நலங்குப் படங்கள் இருந்தன. அவற்றை அடுத்து, மறுநாள் எடுத்த டெஸ்ட் படங்கள். கிரண் எடுத்தவையும் முன்னாலிருந்துதான் உட்காரும். அவை எங்கே முடிகின்றன என்பதுதான் கேள்வி.

மதிவதனி முதலில் கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்தாள். அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை நகலில் தேடவிட்டாள். முதலில் வந்தவை கிரணின் படங்கள். வாழையிலை. ஈரத் துண்டோடு சித்தப்பா. மாலை போட்ட அப்பாவின் படம், ஒன்பது முறை, ஒன்பது கோணத்தில். முன்னூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றாகத் தாண்டினாள். நலங்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதன்பின் ஒரு சிறிய படம். அடுத்தது மஞ்சள் பிள்ளையார்.

எண் வரிசைப்படி டெஸ்ட் படங்கள் மூன்று இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டின் மேல் கிரணின் படங்கள் உட்கார்ந்துவிட்டன. அவன் இன்னும் ஒன்று எடுத்திருந்தால் மூன்றாவதும் இல்லை.

குப்பம்மா கரண்டியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்து, பாதிதான் மறைத்திருந்தாள். யாரையோ திட்டிக்கொண்டே சிரிப்பதுபோல் வாய் திறந்திருந்தது. பெண் கேமராவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இருவர் முகத்திலும் சரியாக இருந்தது. டெஸ்ட் படத்துக்கு அவ்வளவு சரியாக இருக்க வேண்டியதில்லை.

மதிவதனி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். திரும்பி வந்து மூன்று இடத்தில் அதைச் சேமித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிண்டை எடுத்துக்கொண்டு வெள்ளவேடு பக்கத்து ஊருக்குப் போனாள். கிருஷ்ணப்பிரியாவும் அயனம்பாக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். குப்பம்மா ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறவள். வார விடுமுறை அன்றுதான். படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“அய்ய, கரண்டியப் பாரு!”

“ஆல்பத்துல போடப்போறேன்,” என்றாள் மகள்.

“வோணாம். மாப்ள ஊட்ல பாப்பாங்க.”

“பாக்கட்டும். நீ இன்னா திருடியா?”

“ஊட்ட வுட்டுப் போயி ஒரு மாசந்தான் ஆச்சு, வாய் ஜாஸ்தியாயிட்ச்சு உனக்கு. அவரே சொன்னாரு, இது கல்யாணத்துல சேராதுன்னு. அதனாலதான் நின்னேன்.” குப்பம்மா மதிவதனி பக்கம் திரும்பினாள். “ஏம்மா, நான் சொல்றது சரிதான? நீயே சொல்லு.”

“நீங்க வேணாம்னா போட மாட்டேங்க்கா. கேக்கத்தான் வந்தேன்.”

குப்பம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்கம்மா எப்டி கீறாங்க?”

“இருக்காங்க. வெளிய வர்றதில்ல.”

“உனக்குக் கல்யாணம் ஆயிட்ச்சா?”

“இல்ல.”

“நாளைக்கு உன் கல்யாணத்துல மேடையேறி நிப்பாங்களா?”

“நிப்பாங்க.”

“யாரு சொன்னது? அவங்களா, நீயா?”

“நான்தான்.”

குப்பம்மா முந்தானையால் படத்தை ஒருமுறை துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

“அப்போ போட்டுக்கோங்க,” என்றாள். “இவ பெரியப்பா கேட்டா நான் பேசிக்கிறேன்.”

கிருஷ்ணப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ சும்மா இருடி, டீ போடு போ,” என்று குப்பம்மா அதட்டினாள்.

புதன்கிழமை அம்பத்தூரில் ஆல்பம் அடிக்கும் உதயகுமார் போன் செய்தார்.

“மேடம், ஏழாவது ஷீட்ல படம் சின்னதா வந்துகீது. சுத்தி அம்புட்டும் வெள்ள. ஃபைல் தப்பா அனுப்பிட்டீங்களா?”

“இல்லண்ணே. அதுக்கு மேல பெரிசாக்கினா முகம் உடையும்.”

“அப்போ ஓரத்துல ரெண்டு ரோஸ், ஒரு ஹார்ட்டு போட்டு ரொப்பிடட்டுமா? சார் ஆல்பத்துல எல்லாம் இப்டி காலியா வுட்டதே இல்லியே.”

“ஒண்ணும் போட வேணாம்.”

“பார்ட்டி சண்டைக்கு வந்தா?”

“வர மாட்டாங்க. அப்படியே அடிங்கண்ணே.”